அமெரிக்காவின் காலம் முடிந்ததா? கணக்குப் போடுவதில் நடக்கும் தவறுகள்

2024 ஜூனில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. எண்ணெயை டாலருக்கு மட்டுமே விற்பதாக அமெரிக்காவுடன் சவூதி அரேபியா போட்ட 50 ஆண்டு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதாம், டாலர் கதை முடிந்ததாம். அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. 1974 ஜூனில் இரு நாடுகளும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம் அமைக்க. சவூதி ரியாலோ 1986 முதல் டாலருக்கு 3.75 என்ற அதே விலையில் பிணைக்கப்பட்டிருக்கிறது.

வல்லரசுகளின் ஏற்ற இறக்கம் பற்றிப் பேசும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது: நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நடந்துவிட்டதாகச் சொல்வது. அமெரிக்கா மீது கோபப்பட நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. சரி, அது தனிக் கணக்கு.

ஒரு போரில் தோற்றதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் இதே வகைதான். 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானை விட்டு அமெரிக்கப் படைகள் வெளியேறியபோது, காபூல் விமான நிலையக் காட்சிகளைப் பார்த்துப் பலர் அமெரிக்காவுக்கு இரங்கல் செய்தியே எழுதிவிட்டார்கள். வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தபோதும் எழுதினார்கள். அதற்குப் பிறகு 16 ஆண்டுகளில் கலைந்துபோனது சோவியத் ஒன்றியம். கலையும் நாளில் அதன் கையில் பல்லாயிரம் அணுகுண்டுகள் இருந்தன. ஆயுத எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

பொருளாதார எண்களில் வேறொரு சிக்கல். 1960இல் உலக உற்பத்தியில் அமெரிக்காவின் பங்கு சுமார் 40 சதவீதம், இன்று நான்கில் ஒரு பங்கு. பெரிய சரிவுபோலத் தெரியும். ஆனால் 1980இலும் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். போரில் சிதைந்த ஐரோப்பாவும் ஜப்பானும் எழுந்து வந்தால் பங்கு குறையத்தானே செய்யும்? எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. அந்தக் கணக்கை எதிர்காலத்துக்கு நீட்டுவதும் அப்படித்தான். 1995இல் ஜப்பானின் பொருளாதாரம் அமெரிக்காவினுடையதில் 70 சதவீதத்தை எட்டியது. அடுத்தது ஜப்பான்தான் என்றார்கள். இப்போது அது ஏழில் ஒரு பங்கு.

சரி, வேறு எதைப் பார்ப்பது? என் பார்வையில், நெருக்கடி வரும்போது மற்றவர்கள் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1956 சூயஸ் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் தேசியமயமாக்கினார். இஸ்ரேலுடன் சேர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. போர்க்களத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் பவுண்டின் மதிப்பைத் தாங்கிப்பிடிக்க பிரிட்டனுக்கு அவசரமாக டாலர் வேண்டியிருந்தது. சண்டையை நிறுத்தாமல் சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து பணம் வராது என்பதை அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு புரியவைத்தது. நவம்பர் 6ஆம் தேதி போர்நிறுத்தம், ஜனவரியில் பிரதமர் ஈடன் ராஜினாமா. இத்தனைக்கும் அமெரிக்கப் பொருளாதாரம் பிரிட்டனை முந்தியது 19ஆம் நூற்றாண்டிலேயே. அது அப்பட்டமாக வெளியே தெரிய அத்தனை காலம் ஆனது. அப்புறமும் வளைகுடாவிலிருந்து பிரிட்டிஷ் படைகள் விலகியது 1971இல்தான்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனபோது, தீவு சீனாவின் கைக்குப் போய்விட்டது என்று பேசப்பட்டது. 2022இல் பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது நாட்டில் இல்லாமல் போனது யுவான் அல்ல, டாலர். கொழும்பு போய் நின்றது நாணய நிதியத்தின் வாசலில். முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவைப்படும் அந்த நிதியத்தில் 16 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ஒரே நாடு அமெரிக்கா. அதாவது, அது தலையசைக்காமல் அவை நிறைவேறாது. பழைய வல்லரசு அப்படியே இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. கடன் மறுசீரமைப்புக்கு, இலங்கைக்குக் கடன் கொடுத்திருந்த சீன அரசு வங்கியான எக்சிம் உறுதி தந்த பிறகுதான், 2023 மார்ச்சில், சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் அளித்தது. முன்பு ஒரு கதவைத் தட்டினால் போதும், இப்போது இரண்டு.

‘ஒன்றுமே மாறவில்லை’ என்று சாதிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நாடுகளின் அந்நியச் செலாவணி இருப்பில் டாலரின் பங்கு 1999இல் 71 சதவீதம் இருந்தது. 2024இல் 58 சதவீதத்துக்கு இறங்கியது. செத்துவிடவில்லை, மெல்லத் தேய்கிறது. அந்த இடத்தை யுவான் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. பல சிறிய நாணயங்களும் பங்கு போட்டுக்கொண்டன.

கடைசியாக ஒன்று. ஒருவரிடமிருந்து விலகினால் இன்னொருவர் முகாமில் சேர்ந்ததாக அர்த்தமில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். சில நாள்களில் மோடி ஏழு ஆண்டுகளில் முதல்முறையாகச் சீனா சென்று தியான்ஜின் நகரில் நடந்த ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாட்டில் கலந்துகொண்டார். இந்தியா பக்கம் மாறிவிட்டது என்று உடனே தலைப்புகள் வந்தன. அதே பயணத்தில் அவர் சீனாவுக்கு முன் போய் இறங்கிய இடம், அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியான ஜப்பான்.