புது மீனுக்கு முதலில் குவாரன்டைன் தொட்டி

கடையிலிருந்து கொண்டுவந்த நான்கு மோலி மீன்களை அன்றைக்கே பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் ஏஞ்சல் மீனின் துடுப்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அடுத்த வாரத்துக்குள் மூன்று ஏஞ்சல்களும் போய்விட்டன. இரண்டு வருடமாக என் கையில் தீனி வாங்கித் தின்றவை. அதற்கப்புறம் எந்தப் புது மீனையும் நேராகப் பெரிய தொட்டியில் விட்டதில்லை.

புது மீனை முதலில் தனியாக வைத்துக் கவனிக்கும் தொட்டிதான் குவாரன்டைன் தொட்டி. சிறு மீன்களுக்கு ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். சுமார் 40 லிட்டர் பிடிக்கும். மூடி கட்டாயம் வேண்டும், மிரண்ட மீன் துள்ளி வெளியே விழும். மணலும் செடியும் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால்தான் எச்சமும் மிச்சத் தீனியும் கண்ணில் படும். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போடுங்கள்.

முக்கியமானது ஸ்பாஞ்ச் ஃபில்டர். மீன் வாங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே அதைப் பெரிய தொட்டிக்குள் ஓடவிடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறும். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும்.

குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரைக் குவாரன்டைன் தொட்டியில் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதற்கு மாற்றி, ஹீட்டரை 26 டிகிரியில் வையுங்கள். மீன் வந்ததும் பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குத்தான். அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

நான்கு வாரம் வைத்திருங்கள். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. அது முதிர்ந்து உதிர்ந்து, அடியில் உறை கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும் நேரத்தில்தான் மருந்து கொல்லும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துத் துடுப்புகளைப் பாருங்கள், ஒற்றைப் புள்ளிகூடத் தெரியும். குழாயில் உடம்பை உரசுவது, துடுப்பை மடக்கிக்கொள்வது, வெள்ளை நூல் போன்ற எச்சம் எல்லாமே எச்சரிக்கை. நோய் தெரியாமல் மருந்து ஊற்ற வேண்டாம்; மெதிலீன் புளூ ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

தினமும் அடிக்கழிவை உறிஞ்சி எடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா தெரிந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வலை, டியூப், வாளி மூன்றும் இந்தத் தொட்டிக்கென்று தனி. நடுவில் இன்னொரு மீன் சேர்ந்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

நோய் வந்திருந்தால் ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிக்கே திரும்பட்டும், அடுத்த மீனுக்குத் தயாராக இருக்கும்.