பேரரசுக் கால ஜெர்மன் சிப்பாயின் பதக்கங்களும் தாள்களும்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 1914ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையைத்தான். ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு வழங்கப்பட்ட பதக்கம் என்பதால் எளிதில் கிடைக்கும். ஆனால் அதை அணிந்தவர் யார் என்பதை அந்தச் சிலுவை சொல்லாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் போன நம் ஊர்ச் சிப்பாய்களின் முதல் உலகப் போர்ப் பதக்கங்களில், விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஜெர்மானியர்களிடம் அந்த வழக்கம் இல்லை. பெயர் இருப்பது தாளில். அதனால் முதலில் தாளைத் தேடுங்கள்; பதக்கம் பிறகு.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1945 ஏப்ரல் 14 இரவு பாட்ஸ்டாம் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் பேரரசின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவின் ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. ஒரு சாதாரணப் பிரஷ்யச் சிப்பாயின் பணிக்காலத்துக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே விரிவான சான்று, அவர் வீட்டுப் பெட்டியில் தப்பிக் கிடந்த சிறு புத்தகமாகவே இருக்கலாம்.

படி 1: ஓர் அரசைத் தேர்ந்தெடுங்கள்

1871 முதல் 1918 வரை இருந்த ஜெர்மன் பேரரசில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் ஆகிய நான்குக்கும் தனித்தனிப் போர் அமைச்சகங்கள் இருந்தன. சிறு அரசுகளும் சொந்தமாகப் பதக்கம் வழங்கின. எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் திசை தெரியாமல் நிற்போம். புதியவர்களுக்கு நான் சொல்வது பவேரியா. அதன் படைப்பதிவேடுகள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் தப்பியிருக்கின்றன. கையில் ஒரு பெயர் கிடைத்தால் மேற்கொண்டு தேட வழி உண்டு.

படி 2: தாள்களை அடையாளம் காணுங்கள்

முக்கியமானது மிலிட்டேர்பாஸ். உள்ளங்கை அளவுப் புத்தகம். பிறந்த ஊர், தேதி, தொழில், மதம், படையில் சேர்ந்த நாள், மாறிய பிரிவுகள், கலந்துகொண்ட போர்கள், பட்ட காயங்கள், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் வரும். தடுப்பூசி போட்டதும் பாதத்தின் அளவும்கூட இருக்கும். போர்களின் பட்டியலைத் தனித் தாளில் எழுதியோ அச்சிட்டோ உள்ளே ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள் கிழிபடாமல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது ஸோல்ட்புக், அதாவது சம்பளப் புத்தகம். களத்தில் சிப்பாயின் சட்டைப்பையில் இருந்தது இதுதான். மூன்றாவது பதக்கச் சான்றிதழ்: பதவி, பெயர், பிரிவு, நாள், கையெழுத்து, முத்திரை கொண்ட ஒற்றைத் தாள்.

படி 3: கையெழுத்தைப் பழகுங்கள்

இங்கேதான் பலர் சலித்து விலகிவிடுகிறார்கள். அச்சு ஃபிராக்டூர் என்னும் பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருக்கும், கையால் எழுதியது குர்ரெண்ட் என்னும் பழைய முறையில் இருக்கும். குர்ரெண்டில் 'ஈ' (e) எழுத்து 'என்' (n) போலத் தெரியும். 'யூ' (u) எழுத்தின் தலையில் ஒரு வளைவு போட்டிருப்பார்கள். எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஊர்ப் பெயர், மாதங்களின் பெயர் இவற்றைப் படியுங்கள். விடை ஓரளவு தெரிந்த சொற்கள் என்பதால் எழுத்துகள் விரைவில் பிடிபடும். படைப்பிரிவுகளைச் சுருக்கித்தான் எழுதுவார்கள்: 'ஐ.ஆர்.' என்றால் காலாட்படை ரெஜிமெண்ட், 'ஆர்.ஐ.ஆர்.' என்றால் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட்.

படி 4: பதக்கத்தைச் சோதியுங்கள்

அசல் இரும்புச் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்பு பூசிய இரும்பு. அதை இரு பக்கமும் கவ்வியபடி பற்றவைத்த வெள்ளிச் சட்டங்கள். ஒரு பக்கம் கிரீடமும் 1914உம், மறுபக்கம் கருவாலி இலைகளும் 1813உம் இருக்கும். 1813 என்பது பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் இதை நிறுவிய ஆண்டு. பூதக்கண்ணாடியில் ஓரத்தைப் பாருங்கள். சட்டமும் நடுப்பகுதியும் ஒரே வார்ப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் போலி.

காந்தம் வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அசலிலும் இரும்பல்லாத நடுப்பகுதி கொண்டவை சில உண்டு, அதனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். புற ஊதா விளக்கில் நாடாவோ தைத்த நூலோ தாளோ பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கவனம் தேவை. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பூட்டிகள் பேரரசுக் காலத்தில் இல்லை.

நாடாவின் நிறத்தையும் பாருங்கள். களத்தில் போரிட்டவருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடுகள், போரில் நேரடியாக ஈடுபடாதவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடுகள்.

படி 5: தாளும் பதக்கமும் ஒத்துப்போகின்றனவா?

இந்தச் சேகரிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 76ஆம் காலாட்படை ரெஜிமெண்டைச் சேர்ந்தவரின் மிலிட்டேர்பாஸோடு, கோட்டை பொறித்த சிவப்பு எனாமல் ஹான்சியாடிக் சிலுவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரெஜிமெண்ட் ஹாம்பர்க் நகருடையது, கோட்டை அந்த நகரின் சின்னம். பொருந்துகிறது. அதே சிலுவையில் சாவி இருந்தால் அது பிரெமன் நகரம் கொடுத்தது. அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாது என்றில்லை, ஆனால் காரணம் தாளில் தெரிய வேண்டும்.

காயப் பதக்கம் இருந்தால் புத்தகத்தில் காயம் பதிவாகியிருக்க வேண்டும். 1918 மார்ச்சில் நிறுவப்பட்டது அது: ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பொன்னிறம்.

1934இல் நிறுவப்பட்ட உலகப் போர் கௌரவச் சிலுவையும் பல தொகுப்புகளில் இருக்கும். பேரரசு முடிந்த பிறகு வந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். யூதச் சிப்பாய்கள் சுமார் ஒரு லட்சம் பேர் அந்தப் போரில் ஜெர்மனிக்காகப் பணியாற்றினார்கள், ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். உயிரோடு திரும்பிய யூதர்களுக்கும் இந்தச் சிலுவை ஹிட்லர் பெயரால் தரப்பட்டது. மதம் என்ற இடத்தில் யூதர் என எழுதிய மிலிட்டேர்பாஸும் 1935ஆம் ஆண்டின் அந்தச் சான்றிதழும் சேர்ந்து உங்கள் கைக்கு வந்தால், அந்த மனிதருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தேடாமல் அந்தத் தொகுப்பை மூடிவைக்காதீர்கள்.

கடற்படைப் பொருள்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலின் பெயர் நமக்கெல்லாம் தெரியும். பெயர் பெற்ற கப்பல் என்றால் விலை ஏறும், போலியும் பெருகும். ஆளின் பெயரும் கப்பலின் பெயரும் சேர்ந்த தாள் இல்லாமல் வாங்க வேண்டாம்.

படி 6: பெயரைத் தேடுங்கள்

போர்க்காலத்தில் அச்சான இழப்புப் பட்டியல்களில் இறந்தவர், காயமுற்றவர், காணாமல் போனவர் பெயர்கள் உள்ளன. ஜெர்மனியில் வம்சாவளி ஆராயும் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று அவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி தொகுத்திருக்கிறது. பெயரோடு பிறந்த ஊரையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

படி 7: காப்பாற்றுங்கள்

பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தாளை லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். பிவிசி உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டையும் போதும். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, அதை அவ்வப்போது மாற்றுங்கள். ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது சிலுவையின் இரும்புதான்.

எது எதோடு வந்தது, யாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்று தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். என்றாவது விற்க நேர்ந்தால் தொகுப்பாகவே விற்றுவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் கூடுதல் பணம் வரலாம். ஆனால் பிரிந்துபோன சிலுவைக்கு அதற்குரியவரின் பெயரை மறுபடி யாராலும் கண்டுபிடித்துத் தர முடியாது.