ஸ்டாக்ஹோமில் ஒரு நாள்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மேலாரென் ஏரி பால்டிக் கடலோடு சேரும் இடத்தில், 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம் ஸ்டாக்ஹோம். அங்கே ஒரே ஒரு நாள் மட்டும் தங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறைப்பதுதான். பழைய நகரம், வாசா கப்பல், நகர மண்டபம், மாலையில் ஒரு குன்றுப் பாதை ஆகிய நான்கும் ஒரு நாளுக்குத் தாராளம். நேரம் போதாமல் போனால் வேறு எதை வேண்டுமானாலும் சுருக்கலாம். வாசாவை மட்டும் சுருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் படி: பருவமும் பணமும்

ஜூன் மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரிலோ பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. கீழே உள்ள திட்டம் மே முதல் ஆகஸ்ட் வரையிலான நீண்ட பகல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஸ்வீடனின் நாணயம் குரோனா என்றாலும் ரொக்கத்தை வாங்க மறுக்கும் கடைகள் ஏராளமாக உள்ளதால், விமான நிலையத்தில் வரிசையில் நின்று பணம் மாற்றுவதைவிட, வெளிநாட்டில் செல்லுபடியாகும் வங்கி அட்டை ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வதே பயன் தரும்.

இரண்டாம் படி: பயணச்சீட்டு

மெட்ரோ, பேருந்து, டிராம் ஆகியவற்றோடு சில படகுகளுக்கும் எஸ்.எல். என்னும் பொதுப் போக்குவரத்து அமைப்பின் ஒரே சீட்டு செல்லும். ஒற்றைச் சீட்டு 75 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும். அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். ஒற்றைச் சீட்டையும் 24 மணி நேரச் சீட்டையும் அன்றைய விலையில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைச் சீட்டு போதுமென்றால் மெட்ரோ நுழைவாயிலில் வங்கி அட்டையைக் காட்டினாலே போதும். பேருந்துக்குள் ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்க முடியாது.

மூன்றாம் படி: காலையில் பழைய நகரம்

காம்லா ஸ்தான் எனப்படும் பழைய நகரத்துக்கு எட்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு அங்கே நினைவுப்பொருள் கடைகளைத் தவிர வேறெதையும் நிதானமாகப் பார்க்க இயலாது. தெருக்களில் உருண்டைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதால் தட்டையான, பிடிப்புள்ள காலணி அவசியம். நடுவிலுள்ள ஸ்டூர்டோர்யெட் சதுக்கத்தில்தான் 1520 நவம்பரில், டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியானின் ஆணைப்படி ஸ்வீடன் பிரபுக்களும் மதகுருமார்களும் நகரத்தாரும் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே சதுக்கத்தில் இப்போது நோபல் பரிசு அருங்காட்சியகம் இருக்கிறது; அங்குள்ள உணவகத்தின் நாற்காலிகளைத் திருப்பிப் பார்த்தால், பரிசு பெற்றவர்கள் அடிப்புறத்தில் இட்ட கையொப்பங்களைக் காணலாம். தெற்கே நடந்தால் மோர்டன் ட்ரொட்சிக் சந்து வரும். அதன் குறுகலான பகுதி 90 சென்டிமீட்டர் அகலம் மட்டுமே. எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும்.

நான்காம் படி: படகில் யூர்கோர்டன்

சந்திலிருந்து சற்றே தள்ளியுள்ள ஸ்லுசன் துறையில், வாசா அருங்காட்சியகம் இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். இதற்கும் எஸ்.எல். சீட்டே போதும். சுற்றுலாப் படகுக்குத் தனியாகப் பணம் செலவழித்துப் பார்க்கும் துறைமுகக் காட்சியில் பெரும்பகுதியை இந்தப் பத்து நிமிடப் பயணத்திலேயே பார்த்துவிடலாம்.

ஐந்தாம் படி: வாசா

இறங்கி ஏறக்குறைய பத்து நிமிடம் நடந்தால் வாசா அருங்காட்சியகம். திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய், குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மரத்தைக் காப்பதற்காக வெளிச்சத்தையும் வெப்பத்தையும் குறைத்தே வைத்திருப்பதால் கோடையிலும் ஒரு மேலாடை கையில் இருக்கட்டும்.

1628 ஆகஸ்டு 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட இந்தப் போர்க்கப்பல், ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதுமே துறைமுகத்துக்குள் மூழ்கியது. இரண்டு அடுக்குகளாக 64 பீரங்கிகளைச் சுமந்த அதன் மேற்பகுதி கனத்திருந்தது. அதைச் சமன்செய்யும் அளவுக்கு அடிப்பகுதி அகலமாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. காற்று ஒரு பக்கமாகச் சாய்த்தபோது, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. இதில் வியப்பு என்னவென்றால், ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தது. கரையில் நின்றிருந்தபோது 30 மாலுமிகளை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் அங்கேயே கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்றாவது ஓட்டத்தோடு சோதனையை நிறுத்திவிட்டு, பிறகு கடலுக்கும் அனுப்பினார்கள். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை.

மரத்தைத் தின்னும் கப்பற்புழு பால்டிக்கின் உப்புக் குறைந்த நீரில் வாழ்வதில்லை. ஆகவே 1961 ஏப்ரல் 24 அன்று மேலே தூக்கப்பட்டபோது கப்பல் பெருமளவு முழுமையாகவே இருந்தது. உலர்ந்து வெடிக்காமலிருக்க 17 ஆண்டுகள் அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைத் தெளித்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மேல்தளத்துக்கு ஏறுங்கள். பீரங்கித் துளைகளின் மூடிகளை அங்கிருந்து உற்றுப் பார்த்தால், அவற்றின் உட்புறம் சிங்க முகங்கள் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். மூடி திறந்தால்தான் அந்த முகங்கள் எதிரியைப் பார்க்கும்.

ஆறாம் படி: மதிய உணவு

ஏழாம் எண் டிராமில் நகர மையத்துக்குத் திரும்புங்கள். வார நாட்களில் பல உணவகங்கள் ஏறக்குறைய 11 மணி முதல் 2 மணி வரை ‘தாகென்ஸ் லுஞ்ச்’ என்னும் மதியச் சாப்பாட்டைக் குறைந்த விலையில் தருகின்றன; சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் அதிலேயே அடங்கும். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

ஏழாம் படி: நகர மண்டபமும் சுரங்க நிலையமும்

1923இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தின் உள்ளே வழிகாட்டியோடுதான் செல்ல முடியும். ஆகவே சுற்றுகளின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 10 அன்று நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபத்தில் முதலில் நிற்பீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் கலந்துகொண்ட விருந்து இங்கேதான் நடந்தது. மாடியிலுள்ள பொன் மண்டபத்தின் சுவர்களை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மொசைக் துண்டுகள் மூடியிருக்கின்றன.

வெளியே வந்து தே-சென்ட்ராலென் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, நீலத் தடத்தின் நடைமேடைக்கு இறங்குங்கள். குடைந்த பாறைக் கூரையில் நீல நிற இலைகளும் கொடிகளும் 1975இல் வரையப்பட்டவை. பார்த்துவிட்டு, சிவப்புத் தடத்தில் மூன்று நிறுத்தம் தாண்டி மரியாடோர்யெட்டில் இறங்குங்கள்.

எட்டாம் படி: மாலை

அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் ஏறினால் மொண்டேலியஸ்வேகன் என்னும் குன்றுப் பாதை. அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையிலிருந்து நகர மண்டபக் கோபுரமும் பழைய நகரமும் நீர்ப்பரப்பும் ஒருசேரத் தெரியும்; அனுமதிக் கட்டணம் கிடையாது. வழியில் வாங்கிய ஏலக்காய் பன்னை உண்ண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவு தாண்டினால் இரவுப் பேருந்துதான் என்பதால், கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு அங்கே உட்காருங்கள்.