கோதுமை இல்லாத வாஃபிள்: ஞாயிறு சுட்டு வைத்தால் வாரம் ஓடிவிடும்

எங்கள் வீட்டில் சின்னவளுக்கு சீலியாக், அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆகாது. இட்லி, தோசை, இடியாப்பம் என்று நம் காலை அரிசியிலேயே ஓடிவிடுவதால் பெரிய கஷ்டமில்லை. ஆனால் வகுப்பில் யாராவது டிபன் டப்பாவில் வாஃபிள் கொண்டுவந்துவிட்டால் அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்துதான். வேலைக்குப் போகும் வீடு என்பதால் தினம் காலையில் மாவு கலக்க முடியாது. ஞாயிறு மொத்தமாகச் சுட்டு ஃப்ரீஸரில் போடுவதுதான் எங்கள் வழக்கம்.

தேவையானவை

அரிசி மாவு 200 கிராம், கார்ன் ஃப்ளோர் 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், இசப்கோல் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், முட்டை 2, பால் 300 மில்லி, உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய் 75 மில்லி. வாரம் முழுக்கத் தேவை என்றால் இரண்டு மடங்காகப் போடுங்கள்.

அரிசி மாவு பாக்கெட்டில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மாவு மில் பக்கம் நான் போவதே இல்லை. நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். மெஷினில் ஒட்டியிருந்தது அத்தனையும் நம் அரிசியோடு வந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி மிக்ஸியில் அரைத்து, நைஸாகச் சலித்துக்கொள்ளலாம். அந்த மாவில் ஈரம் இருக்கும், அதனால் பாலைக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பியுங்கள்.

குளூட்டன் இல்லாத மாவு உதிராமல் இருக்கச் சேர்க்கும் பசைப் பொடியான சாந்தன் கம் வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதா இசப்கோலே மாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாசனை, சர்க்கரை சேர்த்தது வேண்டாம்.

கலக்குவது

முட்டையில் வெள்ளையைத் தனியாக எடுத்து நுரைக்க அடித்து வையுங்கள். மஞ்சள் கரு, பால், வெண்ணெய், மற்ற மாவு வகைகள் எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த 20 நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறாத மாவில் சுட்டால் வாயில் நறநறக்கும். கடைசியில் வெள்ளைக் கருவை மடித்துக் கலக்குங்கள். பதம் இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சுடுவது: எல்லோரும் மாட்டும் இடம்

வாஃபிள் மெஷினின் மூடியைத் திறந்தால் வாஃபிள் நடுவில் பிளந்து, பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் நிற்கும். என்னை ரொம்ப நாள் படுத்தியது இதுதான். மைதாவில் குளூட்டன் வலை மாதிரி பின்னிக்கொண்டு மாவை இழுத்துப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே திறந்தாலும் தப்பித்துவிடலாம். அரிசி மாவில் அந்தப் பிடிப்பு கிடையாது. உள்ளே ஸ்டார்ச் வெந்து இறுகி, ஈரம் போன பிறகுதான் அது முழுதாக எழுந்து வரும்.

அதனால் மெஷினின் பச்சை விளக்கை நம்பாதீர்கள். தட்டு சூடாகிவிட்டது என்றுதான் அது சொல்லும், மாவு வெந்ததா என்று அதற்குத் தெரியாது. நான் பார்ப்பது ஆவியை. மாவு ஊற்றி மூடியதும் ஓரங்களில் புஸ்ஸென்று ஆவி வரும். அது அடங்கி, லேசான இழைபோல ஆனதும் மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கிப் பாருங்கள். இழுத்தால் மூடிவிட்டு இன்னும் ஒரு நிமிடம். எங்கள் மெஷினில் 5 முதல் 6 நிமிடம் ஆகிறது. முதல் வாஃபிளுக்கு முன் தட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டினால் கட்டாயம் ஒட்டும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே தேன் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். நான்-ஸ்டிக் தட்டில் பிசின் மாதிரி படிந்து, போகப் போக அதுவே ஒட்டவைக்கும். சிலிக்கான் பிரஷால் எண்ணெய் தடவினால் போதும். மெஷின் வாங்குபவர்களுக்கு: தட்டைக் கழற்றிக் கழுவும் வகையையே வாங்குங்கள். ஏற்கெனவே மைதா வாஃபிள் சுட்ட மெஷின் என்றால் சீலியாக் உள்ளவருக்கு அதில் சுடாதீர்கள், பள்ளங்களில் சிக்கிய துகள் கழுவினாலும் முழுசாகப் போகாது.

வாரத்துக்கு எடுத்து வைப்பது

சுட்டதைத் தட்டில் அடுக்காமல் கம்பி ரேக்கில் ஆறவிடுங்கள். அடுக்கினால் அடியில் வேர்த்துவிடும். முழுக்க ஆறியதும் ஒன்றோடொன்று படாமல் ஃப்ரீஸரில் வைத்து, கெட்டியானதும் ஜிப் கவரில் போடுங்கள். காலையில் எடுத்து நேரடியாகத் தோசைக்கல்லில் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் போட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவ் தொளதொளவென்று ஆக்கிவிடும். பிரெட் போடும் டோஸ்டரில் இதைப் போடாதீர்கள், உள்ளே எல்லாம் கோதுமைத் தூள்தான்.

பின்சேர்க்கை

முட்டை சாப்பிடாத சிலர் கேட்டிருந்தார்கள்: 2 டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை 6 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள், இசப்கோலை 2 டீஸ்பூன் ஆக்குங்கள். வரும், ஆனால் இவ்வளவு லேசாக இருக்காது.

ஓட்ஸ் மாவு கலக்கலாமா என்றும் கேள்வி வந்தது. சாதா ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம், குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இன்னொருவர் மிஞ்சிய தோசை மாவை வாஃபிள் மெஷினில் ஊற்றிப் பார்த்ததாகச் சொன்னார். நானும் செய்தேன், அபாரம்! வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியாக நறுக்கிப் போடுங்கள். பெருங்காயத்தில் மட்டும் கவனம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும், அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். மாவு ரொம்பப் புளித்திருந்தால் சிவக்காது, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் சரியாகிவிடும்.