வீட்டுக்குள் செடி வளர்க்கப் போடும் வளர்ப்பு லைட்டுக்கு கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "1000 வாட்" கணக்குக்கு உதவாது. லைட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் உண்மையான வாட்டைப் பாருங்கள். அது பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கும்.

45 வாட் லைட் தினமும் 14 மணித்தியாலம் எரிந்தால்: 45 × 14 × 30 ÷ 1000 = மாதம் 18.9 யூனிட். காற்றுக்கு 5 வாட் சின்ன ஃபான் இரவு பகலாகச் சுற்றினால் இன்னும் 3.6.

லேபிளை நம்ப முடியாவிட்டால் மீட்டரிலேயே பார்க்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃபிரிட்ஜையும் சேர்த்து. மீட்டரில் 1600 இம்பல்ஸ் என்றிருந்தால் (ஒரு யூனிட்டுக்கு 1600 தரம் மின்னும் என்று அர்த்தம்), 20 நிமிடத்தில் சிவப்பு லைட் 24 தரம் மின்னினால் 45 வாட் சரி. 30 தரம் என்றால் 56 வாட்.

யூனிட்டை ரூபாயாக்கும்போதுதான் பலர் பிழைவிடுகிறார்கள். மொத்தப் பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையைப் போடக்கூடாது. இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியல். நிலையான கட்டணமும் ஏறும். 48 யூனிட் பாவிக்கும் வீடு இந்த லைட்டால் மட்டும் 66.9க்குப் போகும். ஆகவே லைட்டோடு ஒரு பில், லைட் இல்லாமல் ஒரு பில் என்று தற்போதைய கட்டணத்தில் இரண்டையும் போட்டுக் கழியுங்கள்.

ஜன்னலோரம் வைத்து டைமரில் 8 மணித்தியாலமாகக் குறைத்தால், ஃபான் இல்லாமல், அதே வீடு 58.8 யூனிட்டில் நிற்கும். மிளகாய், தக்காளி நாற்றென்றால் முற்றத்து வெயில் இலவசம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை.