மறுபடி பிறந்தவளை மைக் முன்னால் நிறுத்துவது எப்படி

சாலிகிராமத்தில் பதினெட்டு வருஷமாக டப்பிங் பேசுகிறேன். என் முறை வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்து போனில் தொடர்கதை எழுதுவது வழக்கம். இப்போது ஓடுவது என் மூன்றாவது மறுபிறவிக் கதை. ஏமாந்து செத்துப்போன ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட், நடந்ததெல்லாம் நினைவிருக்க, தன் பழைய வாழ்க்கைக்கே திரும்பி 2006-ல் கண் விழிக்கிறாள், இந்த முறை ஜெயிக்கிறாள். சீனாவிலும் கொரியாவிலும் இப்படிப்பட்ட சினிமாக் கதைகள் குவிந்து கிடக்கின்றன. அதைக் கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்காக என் வழியைச் சொல்கிறேன்.

முதலில், அவள் எதை இழந்தாள் என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றாகப் பிடியுங்கள். வெறும் 'புகழ்' நாற்பது அத்தியாயம் தாங்காது. என் நாயகிக்கு அது டைட்டில் கார்டு. ஒரு படம் முழுக்கக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தாள். அம்மாவை தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். டைட்டில் ஓடி முடிந்தது, பேர் வரவில்லை. "வேகமாப் போயிடுச்சுமா, நான்தான் சரியாப் பாக்கல" என்றார் அம்மா. இது எனக்கு நடந்தது. சொன்னது என் அம்மா. இதை எழுதிய வாரம்தான் வாசகர்கள் என்னோடு பேச ஆரம்பித்தார்கள்.

அப்புறம், கண் விழிக்கிற காட்சி. தேதி கிழிக்கும் காலண்டரை விட்டுவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். அவளைத் தெருவில் இறக்குங்கள். வடபழனி சிக்னலில் நின்று நூறடி ரோட்டை அண்ணாந்து பார்க்கிறாள், மேலே வெறும் வானம். மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015-ல்தானே! பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் காயின் போன் இருக்கிறது. அதில் காசு போட்டு அம்மாவைக் கூப்பிடட்டும். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கே புரிந்துவிடும்.

வருங்காலம் தெரியும் என்பதற்காக, இன்னொருவர் போடப்போகும் மெட்டை அவள் முந்திக்கொண்டு பாடக் கூடாது. உழைத்தவர் வயிற்றில் அடித்து ஜெயிப்பவளுக்கு யார் கை தட்டுவார்கள்? ஊருக்கே பொதுவான விஷயத்தை அவளுக்குக் கொடுங்கள். தமிழில் பேர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006 ஜூலையில் அரசு அறிவித்தது. என் நாயகி மே மாதமே, ஆங்கிலத் தலைப்போடு இருக்கும் ஒரு சின்னத் தயாரிப்பாளரிடம், "சார், தமிழ்லயே ஒரு பேர் வைங்க" என்கிறாள். அறிவிப்பு வந்த அன்று அவரே இவளைத் தேடி வருகிறார். சரி, கதவு திறந்தாயிற்று.

உள்ளே போனபின் அவளைக் காப்பாற்ற வேண்டியது தொழில். இங்கே அவசரப்படாதீர்கள். முதல் ஜென்மத்தில் பட்டுப்புடவையோடு வந்து, அது சரசரத்து மூன்று டேக் வீணாகித் திட்டு வாங்கியவள் இப்போது நைந்த காட்டன் சுடிதாரில் வருகிறாள். வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுகிறாள். வெறும் வயிற்றின் முனகலையும் மைக் விடாது என்று தெரியும், அதனால் வரும்போதே இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். ஹெட்போனில் பைலட் டிராக், அதாவது ஷூட்டிங்கில் பதிவான குரல், ஓடுகிறது. திரையில் நடிகை அழுவதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுக்கிறாள். அந்த மூச்சையும் சேர்த்துப் பேசுகிறாள் நம்மவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார். இந்த ஒரு காட்சிக்கு இரண்டு அத்தியாயம் எடுத்துக்கொண்டேன், ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை.

அவளால் மாற்ற முடியாத ஒன்றும் கதையில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிக் குடியிருக்கும் மேக்கப் அக்கா குடும்பத்தை மட்டும் நவம்பரிலேயே சண்டை போட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறாள்.

டைட்டில் கார்டைக் கடைசி அத்தியாயத்துக்கென்று பதுக்காதீர்கள். அதற்காகவே வாசகர்கள் காத்திருக்கிறார்கள், பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். நான் இருபதாவது அத்தியாயத்தில் வைத்தேன். அதே தியேட்டர், அதே வரிசை. பேர் வந்ததும் அம்மா எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.