புது இலையானுக்குப் பெயர் வைக்குமுன்: மலைக்காட்டு வேட்டை இலையான்களை விவரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. குடாநாட்டில் எங்கே நின்று பார்த்தாலும் பனைதான் உயரம். மலைக்காட்டுப் பூச்சிகளைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் ஏ9 வீதியால் கண்டிக்குப் போய், அங்கிருந்து நக்கிள்ஸுக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ ஏறி, நாலைந்து நாள் வலை வீசிவிட்டு, மதுசாரக் குப்பிகளோடு இரவு பஸ்ஸில் திரும்புகிறார்கள். குப்பிகளுக்குள் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீள இலையான்கள்.

சோற்றில் வந்து இருக்கும் இலையான் அல்ல இவை. வேட்டையாடுபவை. டோலிகோபோடிடே குடும்பத்து நெடுங்கால் இலையான்கள் பச்சை உலோகம் போல மினுங்கிக்கொண்டு இலை மேல் நிற்கும். ஹைபோடிடே குடும்பத்தவை உருண்டைத் தலையோடு இலைப் பரப்பில் எறும்பு போல ஓடித் திரியும். எம்பிடிடே குடும்பத்து நடன இலையான்கள் கூட்டமாகப் பறந்து ஆடும்; அவற்றில் ஹிலாரா என்ற பேரினத்தின் ஆண்கள், பிடித்த இரையை முன்கால் சுரக்கும் பட்டு நூலால் சுற்றிப் பெண்ணுக்குக் கொடுக்கும். டோலிகோபோடிடேயில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. வெப்பமண்டல மலைக்காடுகளில் பெயரில்லாமல் இருப்பவை இன்னும் ஏராளம். ஆகவே புது இனம் கிடைப்பது அதிசயம் இல்லை. அதைச் சரியாக விவரிப்பதுதான் கடினம். பிழையாக விவரித்த ஒரு பெயர், பின்னால் வருகிறவர்களின் வேலையைப் பல பத்தாண்டுகளுக்குத் தடக்கிக்கொண்டே இருக்கும்.

"சேர், இது புதுசு"

நுணுக்குக்காட்டியில் கண் வைத்த முதல் வாரத்திலேயே இந்த வசனம் வந்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இனங்காணும் திறவுகோலில், அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில், இலையான் எந்த இடத்திலும் பொருந்தவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து எம்பிடிடே இலையான்களுக்கு நம் கைக்கு எட்டும் பெரிய நூல் புருனெட்டி 1920இல் எழுதியது. இந்தோ-அவுஸ்திரேலியப் பகுதி டோலிகோபோடிடே பற்றி பெக்கர் எழுதியது 1922இல். நூறு வருடத்துக்கு முந்திய திறவுகோலுக்கு அந்தக் காலத்து இனங்கள்தான் தெரியும். அதில் பொருந்தாததால் இலையான் புதிதாகிவிடாது. திறவுகோல் பழசு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த தனித்தனிக் கட்டுரைகளைத் தேட வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 1962இல் இலங்கை முழுக்கத் திரிந்து பூச்சி சேகரித்தார்கள். அந்தத் தொகுப்பை வைத்து வெளியான கட்டுரைகள் பல. இன்னொன்றையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் இலையானுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலோ யாவாவிலோ தாய்வானிலோ இருந்து ஏற்கனவே பெயர் போயிருக்கலாம். பாக்கு நீரிணை நமக்குத்தான் எல்லை. "இலங்கையில் இதுவரை பதிவாகவில்லை" என்பதும் "புது இனம்" என்பதும் இரண்டு வேறு செய்திகள்.

பழைய விவரிப்பு இரண்டு வரிதான் இருக்கும்: கால் மஞ்சள், மார்பு கறுப்பு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் மூலமாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதன் காப்பாளருக்கு எழுதிப் படம் கேளுங்கள். பதில் வர மாதக்கணக்கு எடுக்கலாம். காத்திருங்கள்.

ஆண் மாதிரியின் நுனி வயிறு

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். இந்தக் குடும்பங்களில் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். வெளித் தோற்றத்தில் ஒன்று போல இருக்கும் ஐந்து இலையான்களின் நுனி வயிற்றைப் பார்த்தால், ஒன்றில் கொக்கி, ஒன்றில் கரண்டி, ஒன்றில் இரட்டை முள் என்று இருக்கும். அதைப் பார்க்காமல் எழுதும் விவரிப்பு, முகத்தைச் சொல்லாமல் சட்டையின் நிறத்தை மட்டும் சொல்லி ஆளைத் தேடுவது போன்றது. ஒரேயொரு பெண் மாதிரியை வைத்துப் புது இனம் அறிவிக்காதீர்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய் ஆணைத் தேடுங்கள்.

நுனி வயிற்றை வெட்டி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால் தசை கரைந்து கடினப் பகுதி மட்டும் மிஞ்சும். பக்கத்திலேயே இருந்து அடிக்கடி பார்க்க வேண்டும். என் முதல் ஆண் மாதிரியை இரவு முழுக்க அந்தக் கரைசலில் விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் நிறமெல்லாம் போய், முள் எது மயிர் எது என்று தெரியாதபடி வெளிறிக் கிடந்தது. அந்த இடத்தில் இருந்து இன்னொரு ஆண் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பார்த்து முடிந்ததும் அந்தத் துண்டைக் கிளிசரின் விட்ட சின்னக் குழாயில் போட்டு, அதே மாதிரியின் ஊசியிலேயே கோத்து வையுங்கள். தனியாக வைத்தால் ஒரு நாள் எது எதனுடையது என்று தெரியாமல் போகும்.

படம் வரைவதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு மற்றப் பக்கமும் அப்படித்தான் என்று விடுவார்கள். எலஃப்ரோபெசா, பிளாட்டிபல்பஸ் போன்ற ஹைபோடிடே பேரினங்களில் இந்த உறுப்பு வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடமும் வலமும் ஒத்திராது. இரண்டு பக்கமும் மேலிருந்து பார்க்கும் தோற்றமும் வேண்டும். எந்தப் பக்கம் எது என்று படத்தின் கீழ் எழுதவும் வேண்டும். டோலிகோபோடிடேயில் அது வயிற்றுக்குக் கீழே முன்னோக்கி மடிந்து கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர் மேல், கீழ் என்ற சொற்களை மாற்றி எழுதிவிடும் இடம் அது.

நிறத்தை நம்புவது

மதுசாரத்தில் நாள்பட்டால் மஞ்சள் மங்கும், மினுக்கம் குறையும். கூட்டில் இருந்து அப்போதுதான் வெளிவந்த இலையான் எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும். அதை "மஞ்சள் இனம்" என்று எழுதிவிடக் கூடாது. மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: உயரம் கூட ஒரே இனம் கறுத்துப் போவது பல பூச்சிகளில் நடக்கிறது. 900 மீற்றரில் பிடித்த ஒன்றையும் 2,100 மீற்றரில் பிடித்த ஒன்றையும் மட்டும் வைத்து இரண்டு இனம் என்று சொல்லாதீர்கள். இடையில் உள்ள உயரங்களிலும் சேகரித்துப் பாருங்கள். இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. நக்கிள்ஸும் ஹோர்ட்டன் சமவெளியும் தாழ்நிலத்தால் பிரிந்து கிடக்கும் இரண்டு மலைத்தொகுதிகள். ஒன்று போல இருக்கிறது என்பதற்காக இரண்டிடத்து இலையான்களையும் ஒரே பெயரில் போடுவதும் ஆபத்து.

டி.என்.ஏ. உதவும், ஆனால் தனியாக அல்ல. விலங்கு இனங்களைப் பிரித்தறியப் பொதுவாகப் பார்க்கும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு துண்டை வைத்து, இத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தால் வேறு இனம் என்று யாரும் கோடு கிழிக்க முடியாது. வோல்பாக்கியா என்ற பக்றீரியா தொற்றிய பூச்சிகளில் அந்தத் துண்டு ஆளை ஏமாற்றும்.

காலில் முள் இருக்கிறது, ஆகவே இது சிலந்தியைப் பிடிக்கும் என்று எழுதுவதும் ஒரேயொரு தடயத்தை வைத்து எடுக்கும் அவசர முடிவுதான். இரையோடு கண்டால் கண்டதை எழுதுங்கள். காணாவிட்டால் காலின் வடிவத்தை மட்டும் எழுதுங்கள். நடன இலையான்களில் பூவில் தேன் குடிப்பவையும் உண்டு.

சீட்டு

"நக்கிள்ஸ், ஏப்பிரல்" என்று மட்டும் எழுதிய சீட்டால் எந்தப் பயனும் இல்லை. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், காட்டின் தன்மை, பிடித்த முறை, பிடித்தவர் பெயர், நாள் எல்லாம் வேண்டும். மாதத்தை ரோம எண்ணில் எழுதுவது பூச்சியியலில் பழைய வழக்கம். நாளா மாதமா என்ற குழப்பம் வராது. போல்பொயின்ற் மை மதுசாரத்தில் கரைந்துவிடும், லேசர் அச்சும் உரிந்து வரும். பென்சில் போதும். சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும். உலர்ந்த மாதிரிகளை வைத்திருப்பவர்களுக்கு நம் ஊரின் கடற்காற்று ஈரமும் எறும்பும் பெரிய எதிரிகள். இறுக மூடும் பெட்டி இல்லாவிட்டால் மாதிரிகளை மதுசாரத்திலேயே விடுங்கள்.

பெயர்

பெயர் வைக்கும்போது ஊர்ப்பாசம் வந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்டுபிடித்தது, யாழ்ப்பாணத்தின் பெயரே இருக்கட்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். ஆசை எனக்கும் புரிந்தது. ஆனால் "என்சிஸ்" என்று முடியும் பெயர் அந்த இடத்தில் வாழ்வது என்ற பொருளைத் தருகிறது. நக்கிள்ஸ் முகில்காட்டு இலையானை வாசிப்பவர்கள் எல்லாரும் பனங்காணியில் தேடுவார்கள். சர்வதேச விலங்கியல் பெயரீட்டுச் சட்டம் இதைத் தடுப்பதில்லை. வைத்துவிட்டால் பிறகு மாற்றவும் விடாது.

தமிழ்ச் சொல்லை வைக்கலாம். முகில் என்பது எவ்வளவு அழகான இனப்பெயர்! ஆனால் இலத்தீன் எழுத்தில்தான் எழுத வேண்டும், அங்கே நம் ழகரம் சிக்கல். தமிழ்நாட்டில் ழவுக்கு இசட், எச் சேர்த்து எழுதுவார்கள். நாங்கள் பெரும்பாலும் எல் போடுகிறோம், யாழ் என்பதற்கு ஆர், எல் இரண்டும் போடுகிறவர்களும் உண்டு. எல் போட்டால் மழையும் மலையும் ஒன்றாகிவிடும். எந்த எழுத்து என்று முதலில் முடிவெடுத்து, கட்டுரையின் தலைப்பு முதல் படக்குறிப்பு வரை ஒரே மாதிரி எழுதுங்கள். பொருளையும் சொல்லிவிடுங்கள். இலத்தீன் அடைமொழி என்றால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: எலஃப்ரோபெசா பெண்பால் என்பதால் கறுப்பு "நைக்ரா" ஆகும், பிளாட்டிபல்பஸ் ஆண்பால் என்பதால் "நைகர்". தமிழ்ச் சொல்லுக்கு அந்த மாற்றம் தேவையில்லை.

மாதிரி எங்கே இருக்கும்?

1999க்குப் பிறகு அறிவிக்கும் புது இனத்துக்குப் பெயரைத் தாங்கும் மாதிரியைக் குறித்துச் சொல்லாவிட்டால் பெயரே செல்லாது. அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். ஹோலோடைப் எனப்படும் அந்த ஒற்றை மாதிரி உங்கள் மேசை லாச்சியில் இருக்கக் கூடாது. 1877 முதல் இயங்கும் கொழும்புத் தேசிய அருங்காட்சியகம் போன்ற பொதுத் தொகுப்பில் இருக்க வேண்டும். துணை மாதிரிகளை வேறு ஒன்றிரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். புடாபெஸ்ட் அருங்காட்சியகத்தில் 1956இல் தீப்பற்றியபோது இலையான் தொகுப்பு பெருமளவு அழிந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் ஒரே இரவில் தீக்குக் கொடுத்த ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அனுமதி விடயத்தில் சுருக்கமாக: ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ், நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. வலையைக் கையில் எடுக்குமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அதுவும் தனியாக வேண்டும். கட்டுரை இணையத்தில் மட்டும் வெளியாகிறதென்றால், பெயரீட்டுச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி அதை முன்கூட்டியே சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். அதற்கு முன் முகநூலிலோ மாநாட்டுச் சுருக்கத்திலோ பெயரை விட்டுவிடாதீர்கள்.

அனுப்புமுன் நான் செய்யச் சொல்வது இது. பத்து இலையான்களை ஒரு தட்டில் வைத்து, அதில் உங்கள் இனத்தையும் கலந்து, இந்தக் குடும்பத்தை அறியாத ஒரு நண்பரிடம் உங்கள் விவரிப்பை மட்டும் கொடுங்கள். பிழையான இலையானை அவர் எடுத்தால், எந்த வசனம் அவரை அங்கே கொண்டுபோனது என்று கேட்டு, அந்த வசனத்தைத் திரும்ப எழுதுங்கள்.